மலிவுச் சரக்கில் தொடங்கியவர்கள் பெரிய பிராண்டுகளை எப்படி எட்டிப் பிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலிவு விலைத் தயாரிப்பாளர்கள் மேலே ஏறிவரும் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்து விழுகின்றன. மாணவர்கள் கேட்கிறார்கள், சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள், அடுத்து எந்த போன் வாங்கலாம் என்று யோசிப்பவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. மேல ஏறுறதுன்னா விலையை ஏத்துறதுதானே? இதுல என்ன பெரிய விஷயம்?

விலை ஏறுவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் வாங்குகிற ஆள் மாற வேண்டும். முன்பு அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டாலே தள்ளிவிட்டவர், இப்போது பெரிய பிராண்டோடு சேர்த்து அதையும் ஒரு தேர்வாக வைத்துப் பார்க்கிறார் என்றால்தான் அது ஏற்றம். வெறுமனே விலையை ஏற்றிய கம்பெனிகள் பல உண்டு. அவற்றின் சரக்கு கிடங்கில்தான் கிடந்தது.

ஹோண்டாவைப் பாருங்கள். 1959-இல் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே எடுபட்டது 50 சிசி குட்டி வண்டி. அதே ஆண்டு ஐல் ஆஃப் மேன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதல்முறை கலந்துகொண்டார்கள். 1961-இல் அங்கேயே ஜெயித்தார்கள். 1969-இல் நான்கு சிலிண்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக், எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டருடன் சிபி750 வந்தது. 1986-இல் அக்யூரா என்ற பெயரில் சொகுசுக் கார். ஒவ்வொரு படிக்கும் நடுவில் பல வருட உழைப்பு இருக்கிறது.

2. மலிவுல நல்லா வித்துக்கிட்டு இருக்கும்போது எதுக்கு மேல போகணும்? இருக்கிற இடத்திலேயே இருக்கலாமே?

இருக்க விடமாட்டார்கள். மலிவு என்பது யாருக்கும் நிரந்தரச் சொத்து இல்லை. தொழில் வளர்ந்தால் கூலி உயரும், நாட்டின் நாணயம் வலுக்கும், இன்னும் மலிவாகச் செய்கிற ஒருவர் கீழிருந்து வருவார். ஜப்பானுக்குக் கீழே கொரியாவும் தைவானும் வந்தன. அவற்றுக்குக் கீழே சீனா வந்தது. 1985-இல் பெரிய நாடுகள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் கூடி டாலரின் மதிப்பை இறக்க முடிவு செய்த பிறகு யென் சரசரவென்று ஏறியது. விலை ஒன்றை மட்டும் நம்பியிருந்த ஜப்பானிய ஏற்றுமதியாளர்களின் பிழைப்பு அப்போது ஆட்டம் கண்டது.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 1981-இல் அமெரிக்காவின் நெருக்கடிக்கு இணங்கி, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அங்கே அனுப்ப மாட்டோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. கட்டுப்பாடு எண்ணிக்கைக்குத்தான், மதிப்புக்கு இல்லை. ஒரு கார் அனுப்பத்தான் அனுமதி என்றால் எவன் சின்னக் காரை அனுப்புவான்? பெரியதை, லாபம் அதிகம் உள்ளதை அனுப்புவான். 1986-இல் அக்யூரா, 1989-இல் டொயோட்டாவின் லெக்சஸும் நிசானின் இன்ஃபினிட்டியும் வந்ததற்கு இந்த ஒதுக்கீடும் ஒரு காரணம். உள்ளூர்க் கம்பெனிகளைக் காப்பாற்ற எழுப்பிய சுவர், போட்டியாளரை அவர்களின் அதிக லாபமுள்ள சந்தைக்கே தள்ளிவிட்டது.

3. இதெல்லாம் நடக்கும்போது பெரிய கம்பெனிக்காரங்க பார்த்துக்கிட்டு சும்மாவா இருப்பாங்க?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். அவர்கள் முட்டாள்கள் இல்லை, தூங்கவும் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் இடத்தை விட்டுக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கு அந்தந்த வருடத்துக்குச் சரியாகவே இருக்கிறது.

அமெரிக்க எஃகுத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாதுவிலிருந்து எஃகு செய்யும் பிரம்மாண்ட ஆலைகள் ஒரு பக்கம். பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் சிறு ஆலைகள் இன்னொரு பக்கம். நூகோர் அவற்றில் முக்கியமானது. சிறு ஆலைகள் முதலில் கைவைத்தது கான்கிரீட்டுக்குள் போடும் கம்பி. தரக் கட்டுப்பாடு அதிகம் வேண்டாத, லாபம் குறைந்த சரக்கு. பெரிய ஆலைகள் அதை விட்டுவிட்டன. விட்டதும் அவற்றின் சராசரி லாப விகிதம் உயர்ந்தது, பங்குதாரர்களுக்கும் சந்தோஷம். சிறு ஆலைகளுக்கோ கம்பிச் சந்தையில் அடித்து விரட்ட ஆள் இல்லாமல் போனது. தங்களுக்குள்ளேயே மோதி விலை சரிந்தது. லாபம் வேண்டுமானால் அடுத்த ரகத்துக்குப் போயே தீரவேண்டும் என்றாகிவிட்டது. 1988-இல் நூகோர் ஜப்பானின் யமாட்டோவுடன் சேர்ந்து கட்டடங்களுக்கான பெரிய உத்திரங்களைச் செய்யத் தொடங்கியது. 1989-இல் இண்டியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் மெல்லிய தகடு ஆலையைத் திறந்தது. பென்சில்வேனியாவில் பெத்லஹெம் ஸ்டீலின் தாய் ஆலையில் 1995-இல் எஃகு வார்ப்பு நின்றது. 2001-இல் கம்பெனியே திவாலானது.

பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்காரர்களும் இதே வழியில்தான் போனார்கள். சின்ன வண்டியில் லாபம் இல்லை என்று அந்த இடத்தை ஜப்பானியர்களுக்கு விட்டுவிட்டுப் பெரிய வண்டிக்கு ஒதுங்கினார்கள். ஒதுங்க இடம் தீர்ந்தபோது எதிரே சிபி750 நின்றது. 1983-இல் டிரையம்பின் மெரிடன் ஆலை மூடப்பட்டது.

4. எல்லாம் காப்பி அடிச்சுத்தானே முன்னேறுறாங்க?

ஆரம்பத்தில் ஆமாம். கேனனின் முதல் கேமராக்கள் ஜெர்மனியின் லைகா கேமராவைப் பார்த்துச் செய்தவை. சீனாவின் பிஒய்டி 2005-இல் விட்ட எஃப்3 கார் டொயோட்டா கொரோலாவை அப்பட்டமாக நினைவூட்டியது. இதை மூடி மறைக்கத் தேவையில்லை.

ஆனால் பார்த்துச் செய்வதால் கிடைப்பது வடிவம்தான். அந்த வடிவத்தைத் தவறில்லாமல் லட்சக்கணக்கில் செய்யும் திறமையை யாரிடமிருந்தும் நகலெடுக்க முடியாது. 1950-இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தபோது நிக்கான்காரர்களின் நிக்கோர் லென்ஸைச் சோதித்துப் பார்த்தார். அது தன் ஜெர்மன் லென்ஸைவிடத் துல்லியமாக இருக்கக் கண்டு, கொரியப் போருக்கு அதையே எடுத்துக்கொண்டு போனார். அவர் படங்களைப் பார்த்து மற்ற புகைப்படக்காரர்களும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். 1959-இல் நிக்கான் எஃப் வந்தபோது, நகல் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. கண்ணாடி வேலையில் அவர்கள் எப்போதோ தேர்ந்திருந்தார்கள். அது வெளியே தெரிய ஒரு போர் வேண்டியிருந்தது.

5. தரம், தரம்னு சொல்றீங்க. அது திடீர்னு எப்படி வருது? ஆள் அதே ஆள், மெஷின் அதே மெஷின்தானே?

திடீரென்று வருவதில்லை. ஆனால் மேலிடம் ஒரு நாள் முடிவெடுக்கிறது, அந்த நாள் பெரும்பாலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1985-இல் சீனாவின் சிங்டாவ் நகரின் குளிர்பதனப் பெட்டி ஆலையில் (இப்போதைய ஹையர்) ஜாங் ருய்மின் 76 பழுதான பெட்டிகளை வரிசையாக வைத்து, தொழிலாளர்களையே சம்மட்டியால் உடைக்கச் செய்தார். 1995-இல் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ, குமி ஆலையில் பழுதான ஒன்றரை லட்சம் போன்களும் பிற சாதனங்களும் குவிக்கப்பட்டுத் தொழிலாளர்கள் கண்முன்னே எரிக்கப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இவற்றை விளம்பர நாடகம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மலிவுத் தொழிற்சாலையில் ‘இந்த விலைக்கு இது போதும்’ என்பது எழுதாத சட்டம். மேற்பார்வையாளர், கொள்முதல் ஆள், உதிரி பாகம் தருபவர் எல்லோரும் அந்தச் சட்டப்படிதான் வேலை செய்கிறார்கள். சரக்கை உடைத்தால் நஷ்டம் என்று தெரிந்தும் முதலாளி உடைக்கிறார் என்றால் சட்டம் மாறிவிட்டது என்று எல்லோருக்கும் உறைக்கிறது. அதற்கு அப்புறம்தான் நீண்ட வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு விலகல் எவ்வளவு வரை ஏற்கலாம் என்று இறுக்குவது, பழுது எந்த மெஷினில் பிறந்தது என்று பின்தொடர்ந்து போவது, பாகம் தருபவருக்கும் கற்றுக்கொடுப்பது. ஒரு நல்ல மாதிரியைச் செய்ய யாராலும் முடியும். பத்து லட்சமாவது பெட்டியும் அந்த மாதிரியைப் போலவே இருக்க வேண்டும்.

6. பொருள் நல்லா ஆன பிறகும் ஜனங்க ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?

ஒரு கார் வாங்கியவர் அடுத்த கார் வாங்கப் பல வருடம் ஆகும். அதுவரை அவர் மனதில் இருப்பது பழைய கார்தான். தொழிற்சாலை மாறிப் பத்து வருடம் ஆன பிறகுதான் பெயர் மாறுகிறது. இந்த இடைவெளியில்தான் பல கம்பெனிகள் பொறுமை இழக்கின்றன.

ஹூண்டாய் 1986-இல் எக்ஸெல் காரோடு அமெரிக்காவில் இறங்கியது. முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்புறம் பழுதுகள் வரிசைகட்டின, பெயர் கேலிக்குள்ளானது. தரத்தைச் சீர்செய்தும் பெயர் மீளாததால், 1998-இல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி அறிவித்தார்கள். மோசமான கார் செய்கிறவன் இப்படி வாக்குக் கொடுத்தால் திவாலாகிவிடுவான். ஆகவே வாக்குக் கொடுத்ததே ஒரு சாட்சி ஆனது. தரம் உயர்ந்துவிட்டது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

7. மேல போகும்போது புதுப் பேர் வைக்கணுமா, பழைய பேரே போதுமா?

வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. தொலைக்காட்சியில் படம் நன்றாகத் தெரிந்தால் போதும். சாம்சங் பழைய பெயரோடேயே மேலே போனது. சொகுசுக் காரில் பெயருக்கும் சேர்த்துத்தான் காசு. ஃபோக்ஸ்வேகன் 2002-இல் ஃபேட்டன் என்ற மிக நல்ல காரைச் செய்தது. பொறியியலில் குறை சொல்ல முடியாது. ஆனால் மக்கள் கார் என்று பெயர் எடுத்த அதே சின்னத்துக்கு அவ்வளவு பணம் கொடுக்க ஆட்கள் வரவில்லை. 2016-இல் அதன் உற்பத்தி நின்றது.

டொயோட்டா லெக்சஸ் என்று தனிப் பெயர் வைத்தது. தனி ஷோரூம், தனி சர்வீஸ். 1989-இல் விற்பனை தொடங்கிய சில மாதங்களிலேயே ஒரு குறையைச் சரிசெய்ய ஏறத்தாழ 8,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. டீலர்கள் உரிமையாளரின் வீட்டுக்கே போய் வண்டியை எடுத்துவந்து, சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய சம்பவம் பெயரை உருவாக்கியது. தனிப் பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கு ஏற்ற சேவையையும் தனியாக வைக்க வேண்டும். பலகையை மட்டும் மாற்றினால் போதாது. இன்னொன்று: லெக்சஸ் ஜப்பானில் அந்தப் பெயரில் அறிமுகமானது 2005-இல்தான். அதுவரை அங்கே அதே கார் டொயோட்டா செல்சியோர்.

ஹூண்டாய் இரண்டையும் செய்து பார்த்தது. 2008-இல் ஜெனிசிஸை ஹூண்டாய் மாடலாக விற்றது. 2015-இல் அதைத் தனி பிராண்டாகப் பிரித்தது.

8. எதுக்கு இவ்வளவு கஷ்டம்? பேர் இருக்கிற கம்பெனியையே வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே?

சில சமயம் முடிகிறது. சீனாவின் லெனோவோ 2005-இல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை வாங்கியது. திங்க்பேட் மடிக்கணினியை வடிவமைத்த ஜப்பானிய ஆய்வகத்தைக் கலைக்காமல் வைத்துக்கொண்டது. 2013-இல் உலகில் அதிகம் கணினி விற்கும் கம்பெனி ஆனது. சீனக் கார் கம்பெனி ஜீலி 2010-இல் ஃபோர்டிடமிருந்து வோல்வோவை வாங்கி, தலைமையகத்தை ஸ்வீடனிலேயே விட்டுவைத்தது.

தோற்றவர்களையும் பாருங்கள். சீனாவின் டிசிஎல் 2004-இல் பிரான்சின் தாம்சன் தொலைக்காட்சித் தொழிலோடு சேர்ந்தது. கையில் வந்தது பெரும்பாலும் பழைய பிக்சர் டியூப் தொழில். சந்தையோ தட்டைத் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2006-இல் ஐரோப்பாவில் பெரும்பகுதியைச் சுருட்ட வேண்டியதாயிற்று. தைவானின் பென்க்யூ 2005-இல் சீமென்ஸின் மொபைல் பிரிவை எடுத்தது. அடுத்த ஆண்டே ஜெர்மன் பிரிவு திவால் மனு கொடுத்தது. பெயரை வாங்கும்போது அதன் பின்னால் உள்ள அறிவும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலாவதியாகும் தொழில்நுட்பத்தோடு வருகிற பெயர் பாரம்தான்.

9. நாங்க இப்ப ஒரு பெரிய பிராண்டுக்கு செஞ்சு கொடுக்குறோம். சொந்தப் பேர்ல இறங்கினா அந்த ஆர்டர் போயிடுமே?

போகலாம். இந்தப் பயம் நியாயமானது. தைவானில் ஏசர் 2001-இல் ஒப்பந்த உற்பத்தியை விஸ்ட்ரான் என்று பிரித்ததும், அசுஸ் 2008-இல் பெகாட்ரான் என்று பிரித்ததும் இதனால்தான். தன் போட்டியாளருக்கு யாரும் மனமுவந்து ஆர்டர் கொடுப்பதில்லை. மற்றவர்கள் வடிவமைக்கும் சிப்புகளைச் செய்து கொடுக்கும் டிஎஸ்எம்சி, சொந்தப் பெயரில் சிப் விற்காமலேயே அந்தத் தொழிலில் உலகின் முதல் இடத்துக்குப் போனது என்பதையும் மறக்க வேண்டாம். பிராண்ட் ஒன்றுதான் ஏற்றம் என்பதில்லை. யாராலும் செய்ய முடியாததைச் செய்வதும் ஏற்றம்தான்.

ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதும் ஆபத்து. தைவானின் ஜெயண்ட் 1972-இல் தொடங்கி, அமெரிக்காவின் ஷ்வின் பிராண்டுக்கு சைக்கிள் செய்து வளர்ந்தது. 1980-இல் ஷ்வினின் சிகாகோ ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது சரக்கு அனுப்பிக் காப்பாற்றியதே ஜெயண்ட்தான். சில வருடம் கழித்து ஷ்வின் இன்னும் மலிவான சீன ஆலையை நாடியது. ஜெயண்ட் 1986-இல் ஐரோப்பாவில் சொந்தப் பெயரில் இறங்கி, கார்பன் ஃபைபர் சைக்கிள் வரை போனது. ஷ்வின் 1992-இல் திவாலானது. என் கருத்து: ஆர்டர் இருக்கும்போதே, அந்த வாடிக்கையாளர் விற்காத ஒரு சந்தையில் சிறிதாகத் தொடங்குங்கள். ஆர்டர் போன பிறகு தொடங்கினால் தவறு செய்து கற்றுக்கொள்ளப் பணம் இருக்காது.

10. போன் கேமரால லைகா, ஹாசல்பிளாட்னு போடுறாங்களே, அது வேலை செய்யுமா?

கடன் வாங்கிய பெயர் கதவைத் திறக்க உதவும். ஹுவாவே 2016-இலும் ஷியோமி 2022-இலும் லைகாவுடன் சேர்ந்தன. ஒன்பிளஸ் 2021-இல் ஸ்வீடனின் கேமரா கம்பெனி ஹாசல்பிளாடுடன். நிறச் சமன்பாடு போன்றவற்றில் உண்மையான பங்களிப்பும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் பெயர் போய்விடும். ஹுவாவே பிறகு எக்ஸ்மேஜ் என்று சொந்தப் பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான்.

11. 3-ஆவது பதில்ல பெரிய கம்பெனி மேல ஒதுங்கினா அழிஞ்சிடும்னு சொன்னீங்க. சுவிஸ் வாட்ச்காரங்க மட்டும் எப்படிப் பிழைச்சாங்க?

நல்ல கேள்வி. 1969-இல் ஜப்பானின் சீக்கோ, அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) கைக்கடிகாரத்தை வெளியிட்டது. முதலில் அது விலை உயர்ந்த பொருள். பிறகு குவார்ட்ஸின் விலை விழுந்தது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் 30,000 சொச்சம்தான் மிஞ்சினார்கள்.

பிழைத்தவர்கள் இரண்டு வேலை செய்தார்கள். 1983-இல் ஸ்வாட்ச் வந்தது: 51 பாகங்கள் மட்டுமே கொண்ட பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரம். கீழ்ச்சந்தையைக் காலியாக விடாமல் அங்கேயே நின்று சண்டை போட்டார்கள். எஃகு ஆலைகள் செய்யாதது இதுதான். உச்சியில், இயந்திரக் கடிகாரத்தை நேரம் காட்டும் கருவி என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கைவினை, பரம்பரை, அந்தஸ்து என்று விற்றார்கள். துல்லியத்தில் குவார்ட்ஸை ஜெயிக்க முடியாது. துல்லியத்துக்காக யாரும் அதை வாங்காத இடத்துக்குப் போனார்கள். இரும்பு உத்திரத்துக்கு அந்த வழி கிடையாது. உபயோகத்துக்கு மட்டும் வாங்கப்படும் பொருளில், மேலே ஒதுங்குவது நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

12. பேர் மாறப் பத்து வருஷம் ஆகும்னீங்க. மின்சாரக் கார்ல சீனக் கம்பெனிகள் இவ்வளவு சீக்கிரம் மேல வந்தது எப்படி?

தொழில்நுட்பம் மாறும்போது ஏணி குட்டையாகிறது. பெட்ரோல் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் ஐரோப்பியர்களுக்கு நூறு வருட அனுபவம். மின்சாரக் காரில் செலவும் திறமையும் பேட்டரியிலும் மென்பொருளிலும் இருக்கின்றன. பிஒய்டி 1995-இல் ஷென்ஜெனில் தொடங்கியதே பேட்டரிக் கம்பெனியாகத்தான்; மோட்டோரோலா, நோக்கியா போன்களுக்குச் செய்து கொடுத்தது. காருக்குள் வந்தது 2003-இல். 2022-இல் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார் செய்வதை நிறுத்தியது, 2023-இல் யாங்வாங் என்ற உச்ச விலைப் பிராண்டை விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சில வருட வேகம். பேட்டரியில் கற்றுக்கொண்ட காலத்தையும் சேர்த்தால் 5-ஆவது பதிலில் சொன்ன அதே நீண்ட வேலை. அரசின் மானியமும் கொள்கையும் பெரிதாக உதவின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொலைக்காட்சியிலும் இப்படித்தான். பிக்சர் டியூபில் சோனியின் டிரினிட்ரானை யாராலும் நெருங்க முடியவில்லை. தட்டைத் திரை வந்ததும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றார்கள். 2006-இல் உலகத் தொலைக்காட்சி விற்பனையில் சாம்சங் முதலிடத்துக்கு வந்தது.

13. மேல போயிட்டவங்க கீழ இருக்கிற பழைய வாடிக்கையாளரை மறந்துடுறாங்களே?

மறந்தால் 3-ஆவது பதிலில் சொன்னது அவர்களுக்கே திரும்பி நடக்கும். இந்தமுறை விட்டுக் கொடுப்பது அவர்கள். ஷியோமி இதைத் தெரிந்துதான் 2019-இல் ரெட்மியைத் தனி பிராண்டாகப் பிரித்தது. கீழ்ச்சந்தையை ரெட்மி பார்த்துக்கொள்ள, ஷியோமி பெயர் மேலே போக வழி கிடைத்தது. குறைந்த விலையில் உச்ச வசதி என்று 2014-இல் பெயர் வாங்கிய ஒன்பிளஸ், விலை ஏற ஏறப் பழைய ரசிகர்களின் வருத்தத்தைச் சம்பாதித்தது. 2020-இல் நார்ட் வரிசையோடு மறுபடி கீழே இறங்கி வர வேண்டியிருந்தது.

14. வாங்குறவங்களா எங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. இப்ப ஏறிவர்ற பிராண்டை எப்போ நம்பி வாங்கலாம்?

விளம்பரத்தில் உள்ள வசதிப் பட்டியலைப் பார்க்காதீர்கள். அதில் ஏறிவருகிறவர்கள் எப்போதும் முந்தித்தான் இருப்பார்கள். வாரண்டியில் எந்தெந்தப் பாகம் அடங்கும், எத்தனை வருடம் என்று எழுத்தில் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய மாடலுக்கு இன்னும் உதிரி பாகமும் மென்பொருள் அப்டேட்டும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பழையதாக விற்றால் என்ன விலை போகிறது என்று பாருங்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களின் தீர்ப்பு அந்த விலையில்தான் முதலில் தெரியும்.

இந்த மூன்றும் சரியாக இருந்து, பெயர் மட்டும் இன்னும் சின்னதாக இருக்கிறதா? அப்போதுதான் வாங்க நல்ல நேரம். தொழிற்சாலை மாறிவிட்டது, பெயர் இன்னும் மாறவில்லை. பெயரும் மாறிவிட்டால் அதற்கும் சேர்த்து உங்களிடம் காசு கேட்பார்கள்.